கடைசிப் பேருக்கு மோட்டார் கொட்டகை

வேல்முருகன் தன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சங்க ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றபோது காலை ஒன்பதேகால் மணி. பச்சை பிளாஸ்டிக் நாற்காலி அது. ஒரு கை உடைந்து, வலை நூலால் இழுத்துக் கட்டியிருந்தது. மரக்காணம் உப்பளத்தின் மோட்டார் கொட்டகையில் ஒன்பது வருஷமாக அவன் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்து உட்கார்ந்து, ஆளும் நாற்காலியும் ஒரே வாட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

"ஏம்மா மேரிசெல்வி, இது யாரு பாத்த வேல?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான்.

மேரிசெல்வி அந்தத் தொழிலாளர் சங்கத்தின் ஒரே கம்ப்யூட்டர் ஆள். திண்டிவனத்தில் படித்தவள், இருபத்தாறு வயது. வெளியே பலகையில் அவள் நாலு குண்டூசி குத்தி ஒட்டிய பட்டியல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தால் ரேஷன் கடையில் இலவச வேட்டி கொடுக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

கூட்டம் கூடுவதற்குக் காரணம் இருந்தது. மழைக்காலம் முடிந்து பொங்கலும் கழிந்த பிறகு உப்பளத்தில் பாத்தி மிதிப்பார்கள். இரண்டிரண்டு பேராகத் தோளோடு தோள் உரச, இவர் வலது கால் வைக்கும்போது அவரும் வலது கால் வைத்து, சேற்றைச் சிமெண்டு மாதிரி இறுக்க வேண்டும். மூன்று வாரம் மிதி. அதன் பிறகு அடுத்த மழை வரை அதே சோடிதான். ஒருத்தர் பலகையால் உப்பை வாருவார், இன்னொருத்தர் குவிப்பார். ஆகவே யாருக்கு யார் சோடி என்பது சாதாரண விஷயம் இல்லை. கல்யாணத்துக்காவது முகூர்த்தம் பார்த்த பிறகு மனசு மாறலாம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே ஆளைச் சோடியாகக் கேட்டுப் பலகையாலேயே அடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மூன்றாவது ஆள், சோடியாகக் கேட்கப்பட்டவர். பாவம், விலக்கிவிடப் போனார். அன்றைக்குச் சங்கம் ஒரு சட்டம் போட்டது. இனி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பேர் வரிசைதான் சோடி. ஒன்றும் இரண்டும் ஒரு சோடி, மூன்றும் நாலும் ஒரு சோடி. மொத்தம் நாற்பத்தேழு பேர், இருபத்துமூன்று பாத்தி. மிஞ்சுகிற கடைசிப் பேருக்கு மோட்டார் கொட்டகை. நிழலில் உட்கார்ந்து உப்புத்தண்ணீர் மோட்டாரைப் போட்டு அணைக்க வேண்டியது. சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வருஷம்தான். அது போட்ட வரிசையில் கடைசிப் பேர் வேல்முருகன். போன வருஷம் வரை அவனேதான்.

இப்போது பலகையில் இருந்த பட்டியலில் கடைசிப் பேர் ஜான்சன். வேல்முருகன் நாற்பத்தாறாவது. அவனுக்குச் சோடி நாற்பத்தைந்தாவது பேரான வேதவல்லி. அவன் மாமியார்.

இது எப்படி நடந்தது என்றால், உப்புக்காற்று செய்த காரியம். அந்தக் கரையில் அது சைக்கிளைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்த கம்ப்யூட்டரையும் ஐப்பசியோடு தின்று முடித்தது. செயலாளர் பக்தவச்சலம் புது கம்ப்யூட்டர் வாங்கி, சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டு மேரிசெல்வியிடம் ஒப்படைத்தார். அதில் டேட்டாபேஸும் புது வெர்ஷன். உறுப்பினர் பட்டியலை அவள் அதில் புதிதாக ஏற்றினாள். வருகைப் பதிவைப் பழைய பேக்கப்பிலிருந்து அப்படியே இறக்கினாள். இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் கொடு என்று கேட்டதும், மாலை போட்ட கம்ப்யூட்டர் மரியாதையே இல்லாமல் மறுத்துவிட்டது. கொலேஷன் ஒத்துவரவில்லையாம்.

அவள் தன்னோடு படித்த சித்தார்த்தனுக்குப் போன் போட்டாள். அவன் இருப்பது பெரிய முதலியார்சாவடி, வேலை பாண்டிச்சேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி.

"கொலேஷன்னா வேற ஒண்ணுமில்ல. எந்த எழுத்துக்கு அப்பறம் எந்த எழுத்து, எதுவும் எதுவும் ஒண்ணுன்னு டேட்டாபேஸ் வெச்சிருக்கிற சட்டம். உன் உறுப்பினர் டேபிள் புதுச் சட்டத்துல இருக்குது. வருகை டேபிள் பழைய சட்டத்துலயே நிக்குது. ரெண்டுலயும் இருக்கிற பேரு ஒரே ஆளுதானான்னு யாரு சட்டப்படி பாக்கறதுன்னு அதுக்குத் தெரியல. அதான் கை விரிக்குது" என்றான்.

"இப்ப நான் என்னா பண்ணணும்?"

"எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டா. பழைய பக்கமும் கொண்டு போவலாம், புதுப் பக்கமும் கொண்டு வரலாம். எதுன்னாலும் ஒரு வரிதான். புதுசு நல்லது, பின்னால தொந்தரவு இருக்காது. ஆனா மொதல்ல பேக்கப் எடு. மாத்தினப்பறம் பழைய லிஸ்டையும் புது லிஸ்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. வரிசை மாறும். அத மட்டும் பாக்காம விட்டுறாத."

அவள் பேக்கப் எடுத்தாள். எல்லாவற்றையும் புதுப் பக்கம் கொண்டுவந்தாள். சொன்ன மாதிரியே இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய வெர்ஷன் ச முடிந்த கையோடு ஜ-வை வைத்திருந்தது. புதிய வெர்ஷன் க-வில் தொடங்கி ன வரை எல்லாம் முடிந்த பிறகுதான் ஜ-வை வைத்தது. சங்கத்தில் ஜ-வில் தொடங்கும் பேர் ஒன்றே ஒன்று. பத்தொன்பதாவது இடத்திலிருந்த அந்தப் பேர் அங்கிருந்து கிளம்பி, இருபத்தெட்டுப் பேரைத் தாண்டி, கடைசியில் போய் உட்கார்ந்திருந்தது. ஜான்சன், மேரிசெல்வியின் அப்பா.

இந்த இடத்தில் மேரிசெல்வியைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேரை அவள் நகர்த்தவில்லை. ஆனால் நகர்ந்ததைப் பார்த்தாள். ஒரு வரி அடித்தால் பழையபடி ஆகிவிடும் என்பதும் தெரியும். அவள் விரல் அந்தச் சாவிகளின் மேலேயே இருந்தது.

ஜான்சனுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பஸ் ஏறும்போது இரண்டு கம்பியையும் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏறுவார். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தைலம் தேய்ப்பார். வீடே மணக்கும், ஆனால் யாரும் கேட்கக் கூடாது. இனிமேல் சேறு மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அந்த டாக்டரைப் பற்றி ஜான்சன் சொன்னதை இங்கே எழுத முடியாது. மிதிக்கவில்லை என்றால் சங்கத்தில் இடம் போய்விடும். பன்னிரண்டு பேர் அந்த இடத்துக்குக் காத்திருந்தார்கள். இடம் போனால் அவர் ஒரு வருஷத்தில் உடைந்துபோவார் என்று மகளுக்குத் தெரியும்.

ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போயிற்று. பிறகு எழுந்து போய்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டினாள். ஒரு குண்டூசி போதும், அவள் நாலு குத்தினாள்.

இப்போது அந்த நாலு குண்டூசிக்கும் பதில் சொல்ல வேண்டிய நேரம்.

"நான் எந்தப் பேரையும் தொடலண்ணா. புது வெர்ஷன் போட்டதுல எழுத்து வரிசை மாறிடுச்சு" என்றாள்.

"வெர்ஷனா? உங்க அப்பா பேரு மட்டும் பஸ்ஸு புடிச்சி கடைசி ஸ்டாப்புல எறங்குமா? நல்லா கீதும்மா உன் வெர்ஷன்!"

கூட்டத்தில் அ முதல் ச வரை பேர் உள்ள பதினெட்டுப் பேருக்கு ஒன்றும் மாறவில்லை. அவர்கள் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு சௌகரியமாக வேடிக்கை பார்த்தார்கள். மற்ற பதினாலு சோடியும் கலைந்துபோயிருந்தது. ஒன்பது வருஷம் ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டவர்கள் பிரிந்திருந்தார்கள். வாய்க்கால் தகராறில் மூஞ்சி கொடுத்துப் பேசாதவர்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லாருடைய கோபத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் வேல்முருகனுடையதுக்கு ஈடாகாது. வேதவல்லி மருமகன் எதிரே நிற்கிற பழக்கம் இல்லாதவர். அவன் வருகிறான் என்றால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலியோரமாக ஒதுங்கிவிடுவார். பதினோரு வருஷத்தில் அவனிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அந்த அம்மாவோடு தோள் உரச மூன்று வாரம் சேறு மிதிப்பதாவது!

பக்தவச்சலம் வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கினார். "நாளைக்குக் காலைல மீட்டிங். எல்லாரும் வாங்க. கம்ப்யூட்டரையும் கூப்புடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ஜான்சன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மாத்திடு" என்றார்.

"அப்பா, அது தானா..."

"தானா வந்துச்சோ, ஆள் வெச்சி வந்துச்சோ, எனக்குத் தெரியாது. டீக்கடைல என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்தறானுங்க. எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல கைய வெச்சி எனக்கு நெழல் வாங்கிக் குடுத்தான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. எனக்கென்னா கேடு? நான் மிதிப்பேன்."

சொல்லிவிட்டு நாலு படி ஏறி உள்ளே போக அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மேரிசெல்வி அடுப்பைப் பார்ப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸ் முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, மேஜை போட்டு, கம்ப்யூட்டரை மாலையோடு தூக்கி வைத்திருந்தார் பக்தவச்சலம். பார்க்கக் கோயில் உற்சவர் மாதிரியே இருந்தது. நாற்பத்தேழு பேரும் வந்திருந்தார்கள். வேல்முருகன் நாற்காலியையும் கொண்டுவந்திருந்தான். ஆனால் அதில் உட்காரவில்லை. சாட்சிக்குக் கொண்டுவந்தவன் போல முன்னால் வைத்திருந்தான்.

மேரிசெல்வி எழுந்தாள். "மாதா மேல சத்தியமா நான் யாரு பேரையும் நகத்தல. பழைய சட்டத்துல ச-வுக்கு அப்பறம் ஜ. புதுச் சட்டத்துல எல்லா எழுத்தும் முடிஞ்சி ஜ. ரெண்டுல எது வேணும்னாலும் ஒரு வரி போட்டா வந்துடும். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நகர்ந்ததைப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அது நெஞ்சில் உப்புக்கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

"பழசுதான் சரி!" என்று வேல்முருகன் குரல் கொடுத்தான்.

முன்வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்த சகாயமேரி, "அப்ப நீ பள்ளிக்கூடத்துல படிச்ச வரிசையச் சொல்லேன், கேப்போம்" என்றாள். பதினெட்டுப் பேரில் ஒருத்தி, அவளுக்கு என்ன கவலை.

வேல்முருகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினான். "க, ங, ச..." என்று வந்தவன் கொஞ்சம் நிறுத்தி, காற்றைப் பார்த்து, "ஜ, ஞ, ட..." என்று வேகமாக ஓட்டினான்.

முற்றம் குலுங்கிச் சிரித்தது. "எந்த வாத்தியாரு கிட்டடா படிச்ச?" என்று ஒரு குரல். "ட்யூசன் போயிருப்பான்" என்று இன்னொன்று. பக்தவச்சலமே ஆரம்பித்துவைக்க, நாற்பத்தைந்து வாய் சேர்ந்து க ங ச ஞ என்று ராகம் போட்டுச் சொல்லி ன-வில் வந்து நின்றது. அப்புறம்தான், பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த அட்டையின் அடிவரிசை ஞாபகம் வந்து, ஜ ஷ ஸ ஹ என்று முடித்தார்கள். சின்ன வயசில் அடி வாங்கிக் கற்றது, எங்கே போகும்?

வேல்முருகன் அசரவில்லை. "சரி, ஜ கடைசின்னே வெச்சிக்குவோம். ஒரு பேரு நவுந்தா ஒரு சோடிதானே கலையணும்? பதினாலு சோடி எப்படிக் கலைஞ்சிது? இந்தப் பொண்ணு எல்லாரையும் சேத்துக் கலக்கிட்டுது."

பதினாலு சோடிக்காரர்களுக்கும் இது நியாயமாகப் பட்டது. முணுமுணுப்பு எழுந்தது. மேரிசெல்விக்கு வாயால் விளக்கத் தெரியவில்லை. "எல்லாரும் பழைய லிஸ்டுபடி வரிசையா நில்லுங்க. சோடி சோடியாக் கையப் புடிச்சிக்குங்க" என்றாள்.

நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போயிற்று. கையைப் பிடிக்க வெட்கப்பட்டவர்களைப் பின்னால் இருந்தவர்கள் குத்தினார்கள். கடைசியில் வேல்முருகன் தனியாக, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப அப்பா மட்டும் வெளிய வந்து கடைசிக்குப் போவட்டும். அந்த ஓட்டைய அடைக்க மத்தவங்க ஒரு எடம் முன்னால வாங்க."

ஜான்சன் பத்தொன்பதாவது இடத்திலிருந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருத்தரும் ஓர் அடி முன்னால் வைக்க, பிடித்த கை விடுபட்டு அடுத்த கை வந்து சேர்ந்தது. பதினாலு சோடியும் எல்லார் கண் முன்னாலும் கலைந்து வேறு பதினாலாக ஆயிற்று. "அட, ஆமாம்பா!" என்று யாரோ சொன்னார். ஆனால் அதற்குள் யாரும் சோடியைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜான்சனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தெட்டுப் பேரைத் தாண்டி அவர் நடக்க வேண்டியிருந்தது. முதல் பத்துப் பேர் வரை நிமிர்ந்து நடந்தார். பிறகு இடது கால் இழுத்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் முட்டி பொய் சொல்லாது. பாதியில் நின்று, செருப்பில் கல் மாட்டியது போலக் குனிந்து பார்த்தார். செருப்பில் கல் எதுவும் இல்லை. மறுபடி நடந்தார். கடலை தின்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. மேரிசெல்விக்கு அழுகை வந்தது. இப்படி ஊர் முன்னால் அப்பாவை நடக்கவைத்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

அவர் கடைசிக்கு வந்து சேர்ந்து, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். "அவ்ளோதான? மாத்திடுங்க பழையபடி. நான் மிதிக்கிறேன்" என்றார்.

வேல்முருகன் நாற்காலியைப் பார்த்தான், ஜான்சனின் காலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

அப்போது வேதவல்லி வரிசையிலிருந்து வெளியே வந்தார். மருமகன் பக்கம் முதுகைத் திருப்பி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

"ஏம்பா கம்ப்யூட்டரு," என்றார். "மாப்பிள்ள கிட்ட சொல்லு. எம் பொண்ணு ஆக்கி அனுப்பற சோத்த ஒம்போது வருசமா நான்தான் கொட்டாய் வரிக்கும் தூக்கினு போயி, மூஞ்சியப் பாக்காம வாசல்ல வெச்சிட்டு வரேன். போவும்போதெல்லாம் அவரு குறட்ட சத்தம்தான் கேக்குது. மூணு வாரம் மிதிச்சா ஒண்ணும் ஆயிடாது. வவுறும் கொறையும்."

வேல்முருகனுக்குக் காது சிவந்தது. அவனும் மாமியாரைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினான். "அத்த கிட்ட சொல்லு கம்ப்யூட்டரு. அவங்க கூட நான் எப்பிடி கால் சேத்து மிதிக்கறது? மரியாத இல்ல?"

"மரியாதய வரப்புல கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லு. சாயங்காலம் எடுத்து மாட்டிக்கலாம்."

இதற்கு மேல் மீட்டிங் என்று ஒன்று நடக்கவில்லை. பக்தவச்சலம், "பலகைல ஒட்டின லிஸ்டு சொன்னது சொன்னதுதான்" என்று முடித்தார். வெற்றிலைப் பை பிரிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் முனகினார்கள். வேல்முருகன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபடி கொட்டகைக்கே நடந்தான். அதை மோட்டார் பக்கத்தில் போட்டுவிட்டு, பின்னால் வந்த ஜான்சனிடம், "அண்ணே, சாஞ்சீங்கன்னா எடது பக்கம் வழுக்கும். பாத்து உக்காருங்க" என்றான். அவன் அப்படி ஒன்றும் கெட்டவன் இல்லை, நிழல் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து மதியம் மேரிசெல்வி அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தூரத்தில் இருபத்துமூன்றாவது பாத்தியில் மாமியாரும் மருமகனும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி கால் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக வரப்பில் ஒரு பலகையை நட்டுவைத்து, பேச வேண்டியதை எல்லாம் அதனிடம் பேசிக்கொண்டார்கள்.

கொட்டகையில் நாற்காலி காலியாக இருந்தது. ஜான்சன் சுவிட்ச் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாளாக அவர் உட்காரவே இல்லை என்று பாத்திக்காரர்கள் வழியிலேயே சொல்லியிருந்தார்கள்.

"உக்காந்தா என்னாப்பா?"

"வேல நேரத்துல உக்காரக் கூடாது" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கறேன். நெசமா நீ எதுவும் பண்ணலியா?" என்றார்.

"இல்லப்பா. மாதா மேல சத்தியம் பண்ணனே."

"ம்." அவர் முகம் கொஞ்சம் வாடியது. "நீதான் பண்ணியிருப்பன்னு நெனச்சேன். மொதல்ல கோவம்தான். அப்பறம், நம்ம பொண்ணு நம்ம முட்டியப் பாத்திருக்குது போலன்னு நெனச்சிக்கினேன். பரவால்ல, கம்ப்யூட்டர்தானே."

மேரிசெல்வி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"நான் பண்ணலப்பா. ஆனா ஒட்டறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஒரு வரி போட்டா பழையபடி ஆயிடும்னு தெரியும். அஞ்சு நிமிசம் யோசிச்சேன். போடல."

ஜான்சன் மகளைத் திரும்பிப் பார்த்தார். சுவிட்ச் போர்டை விட்டார். நாற்காலியை மெதுவாக இழுத்து, அதன் வலை நூல் கட்டைப் பிடித்துக்கொண்டு, முட்டி இரண்டும் முனக உட்கார்ந்தார். அது இடது பக்கம் வழுக்கியது, அவர் சமாளித்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிசமா?" என்றார். "அவ்ளோ நேரம் அதுல யோசிக்க என்னா இருந்துச்சு?"